டீசல் பம்பில் ஒழுக்கு: பழைய உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

பெரும்போகத்தின் முதல் மழை விழுந்து, தம்பலகாமம், மூதூர், கந்தளாய் வயல்வெளிகளில் ஒரே வாரத்தில் எல்லோரும் உழவுக்கு இறங்கும்போதுதான், மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற பழைய உழவு இயந்திரத்தின் டீசல் பம்ப் ஒழுகத் தொடங்கும். இது தற்செயலாக நடப்பதன்று. பம்பினுள் இருக்கும் றப்பர் வளையங்கள் டீசலில் ஊறியிருக்கும் வரையில் மென்மையாக இருக்கும். இயந்திரம் நீண்ட நாள் ஓடாமல் நின்று உள்ளிருந்த டீசலும் வடிந்துவிட்டால், அவை சுருங்கி இறுகி, மறுபடி ஓட்டும்போது தண்டைப் பிடித்து நிற்க இயலாமற் போகின்றன. நான் திருகோணமலையில் கராஜ் வேலை பழகத் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, ஐப்பசி மாதத்தில் வரும் வேலைகளில் இந்த ஒழுக்குக்கு ஒரு தனி இடம் உண்டு.

ஒழுக்கைச் சிறிய விடயமாக எண்ணுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய முப்பது சொட்டு டீசல் ஒரு மில்லிலீற்றர் என்று வைத்துக்கொண்டால், செக்கனுக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் பம்ப் மணித்தியாலத்துக்கு 120 மில்லிலீற்றரையும், பத்து மணித்தியால உழவில் ஒரு லீற்றருக்கும் கூடுதலான டீசலையும் மண்ணில் விடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, ஒழுகும் இடத்தில் படியும் புழுதியும் சேறும் பம்பைத் திறக்கும் நாளில் உள்ளே போவதாகும்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. வகைச் சுழல் பம்ப். 1964 தொடக்கம் 1975 வரை செய்யப்பட்ட மெஸி பெர்குசன் 135, அதன் பின்வந்த 240 ஆகியவற்றில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினுடன் பெரும்பாலும் இதுவே பூட்டப்பட்டிருக்கும். உங்கள் இயந்திரத்தில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக வரிசையில் நிற்கும் பம்ப் இருந்தால், கீழே சொல்லப்படும் துப்புரவு, ஒழுக்குத் தேடல், குழாய் இணைப்பு வேலைகள் அதற்கும் பொருந்தும். மூடியைத் திறக்கும் பகுதி பொருந்தாது.

பம்பினுள் என்ன நடக்கிறது

ஒழுக்கைத் திருத்த வேண்டுமாயின், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமாவது அறிந்திருக்க வேண்டும். தாங்கியிலிருந்து லிஃப்ட் பம்ப் இழுத்து அனுப்பும் டீசல் ஃபில்ட்டர்களைக் கடந்து குறைந்த அழுத்தத்துடன் பம்பின் பின்முனையில் நுழைகிறது. அங்கே தகடுகள் பொருத்திய சிறிய சுழல் பம்ப் ஒன்று அதன் அழுத்தத்தை உயர்த்தி அளவு வால்வுக்கு அனுப்புகிறது. அளவு வால்வு விட்ட அந்தச் சிறு அளவை எதிரெதிரே நிற்கும் இரண்டு உலக்கைகள் நசுக்கி, ரோட்டர் எனப்படும் சுழலும் உருளையின் துளை வழியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றுக்கும் முறைப்படி தள்ளுகின்றன. இன்ஜெக்டர் திறப்பதற்கே ஏறத்தாழ 170 வளிமண்டல அழுத்தம் தேவை என்பதை நினைவில் வையுங்கள். பின்னர் அதற்கு ஒரு காரணத்துக்காகத் திரும்பி வருவேன்.

இந்தப் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. அதன் உடல் முழுவதும் டீசலே நிறைந்திருந்து எல்லாப் பாகங்களையும் வழுவழுப்பாக்குகிறது. மிஞ்சியது மீள்குழாய் வழியாகத் திரும்பிச் செல்கிறது. அதனால் உடலின் எந்த இணைப்புத் தளர்ந்தாலும் வெளியே வருவது டீசல்தான். மீள்குழாய் நசுங்கியோ அடைபட்டோ போனால் உடலினுள் அழுத்தம் ஏறி, நல்ல நிலையிலிருந்த வளையங்கள் வழியாகவும் டீசல் தள்ளப்படும். வளையம் மாற்றிய இரண்டாவது வாரமே மறுபடி ஒழுகுகிறது என்று கொண்டுவரப்பட்ட இயந்திரம் ஒன்றில், நான் கடைசியாகக் கண்டது மீள்குழாயின் கழற்றிய முனையில் ஒரு குளவி கட்டிவிட்டுப் போயிருந்த மண்கூடு. ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன்னர் மீள்குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்றுத் தடையின்றிப் போக வேண்டும். (வாயில் டீசல் படும் என்றால் சைக்கிள் பம்பைப் பாவிக்கலாம்.)

ரோட்டரும் அது சுழலும் தலைப்பகுதியும் ஒன்றுக்கொன்று உராய்த்துச் சோடி சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்கே ஆகும். கண்ணுக்குத் தெரியாத மணற்றுகள் ஒன்று அங்கே போனாலே ரோட்டர் இறுகிவிடும். புதிதாக இவ்வேலையைத் தொடங்குபவர் அஞ்ச வேண்டியது பம்பின் சிக்கலான அமைப்பை அன்று. தன் கையிலுள்ள அழுக்கை.

கழுவுதலும் தேடலும்

எஞ்சின் முற்றாக ஆறிய பின்னரே கழுவத் தொடங்குங்கள். ஓடிச் சூடேறிய பம்பின் மேல் குளிர்நீர் பட்டால் வெளியிலுள்ள தலைப்பகுதி திடீரெனச் சுருங்கி உள்ளே சுழலும் ரோட்டரைக் கவ்விப் பிடித்துவிடும். வயலால் ஏறியவுடன் வாய்க்காலில் வாளியால் அள்ளி எஞ்சின் மேல் ஊற்றும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அதை இயந்திரத்தின் சில்லுகளோடும் மட்காட்டோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. பம்பையும் அதைச் சூழ்ந்த குழாய்களையும் மண்ணெண்ணெயும் பெயின்ற் தூரிகையும் கொண்டு கழுவி, நூல் பிரியாத பழந்துணியால் துடைத்து, காய விடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதமாக இருந்தால் கொட்டிலின் மறைவுப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்துங்கள். அந்தக் காற்றோடு வரும் புழுதி திறந்த குழாய் முனையைத் தேடி வந்து நுழையும்.

காய்ந்த பம்பின் மேல் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பின்னர் எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் ஐந்து நிமிடம் விட்டு, எந்த இடத்தில் பவுடர் முதலில் ஈரமாகிறது என்பதைக் கைவிளக்கால் பாருங்கள். ஈரம் எப்போதும் கீழ்நோக்கி ஓடும். சொட்டு விழும் இடம் பம்பின் அடிப்பக்கமாக இருந்தாலும் ஒழுக்கு மேல்மூடியில் இருக்கக்கூடும். மெதுவான ஓட்டத்தில் எதுவும் தெரியாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் நெம்பை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தண்டின் வளையம் தேய்ந்திருந்தால் நெம்பு அசையும்போது மட்டும் அதன் அடியில் டீசல் கண்ணீர் போல் திரளும். எஞ்சினை நிறுத்திய பின்னும் பார்வையை விட்டுவிடாதீர்கள். இரவில் பம்பின் அடியில் ஒரு வெள்ளைக் கடதாசி மட்டையை வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், பகலில் எஞ்சின் வெப்பத்தில் ஆவியாகி மறைந்த சிறு கசிவும் தன் அடையாளத்தை விட்டிருக்கும்.

இங்கேதான் முன்னர் சொன்ன 170 வளிமண்டல அழுத்தத்துக்குத் திரும்ப வேண்டியுள்ளது. எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் அருகே விரலை வைத்து ஒழுக்கைத் தேடக்கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் ஒரு முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது, ஆனால் சில மணித்தியாலங்களில் உள்ளே தசை அழுகத் தொடங்கி விரலையே இழக்க நேரலாம். அந்தக் குழாய்களை ஒரு கடதாசி மட்டைத் துண்டைக் கொண்டே சோதியுங்கள். அப்படி ஒரு குத்துப் பட்டுவிட்டால் காயம் சிறிதாகத் தெரிகிறதே என்று இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, டீசல் அழுத்தத்துடன் உள்ளே போனது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வெளியிலுள்ள இணைப்புகள்

தேடலின் முடிவில் பெரும்பாலும் தெரியவருவது, ஒழுக்கு பம்பின் உள்ளே இல்லை, அதனோடு பூட்டப்பட்ட ஒரு குழாயின் இணைப்பில் இருக்கிறது என்பதே. இதைத் திருத்துவதற்குப் பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. தாங்கியின் குழாயை மூடி, பற்றரியின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

உள்வரும் குழாயும் மீள்குழாயும் துளையுள்ள போல்ட்டால் பிடிக்கப்பட்டிருந்தால், அந்த இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு செப்பு வாஷர் இருக்கும். ஒழுகுகிறது என்றவுடன் ஸ்பானரைப் போட்டு மேலும் இறுக்குவதே எல்லோரும் செய்யும் முதற் காரியம். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிக் கடினமாகியிருக்கும். அதை எவ்வளவு இறுக்கினாலும் அது மறுபடி பள்ளம் மேடுகளில் படியாது, போல்ட்டின் புரிதான் போகும். புதிய வாஷர் போடுங்கள். கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமையில் அகப்பட்டுக்கொண்டால், பழைய வாஷரைக் கம்பியில் கோத்து அடுப்பு நெருப்பில் மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி, நீரில் போட்டெடுத்தால் செம்பு மறுபடி மென்மையாகிவிடும். பின்னர் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மிக நுண்ணிய எமரித்தாளை விரித்து அதில் இருபுறமும் தேய்த்துச் சமப்படுத்திப் பூட்டலாம். நான் இவ்வாறு செய்த வாஷர்கள் ஒரு போகம் முழுவதும் நின்றிருக்கின்றன. ஆனாலும் புதியது கிடைக்கும் நாளில் மாற்றிவிடுவேன்.

இன்ஜெக்டருக்குப் போகும் குழாய்களின் பம்ப் முனையிலும் இத்தகைய செப்பு வாஷர்களே உள்ளன. இவற்றைக் கழற்றும்போது குழாயின் இரு முனைகளையும் தளர்த்த வேண்டும்; ஒரு முனையை மட்டும் தளர்த்திக் குழாயை வளைத்து ஒதுக்கினால், அடுத்த ஒழுக்கு அந்த வளைவில் தொடங்கும். நட்டை முதலில் விரல்களால் முழுவதும் சுற்றிப் பூட்ட வேண்டும். விரலால் சுற்ற இயலவில்லையாயின் குழாய் நேராக உட்காரவில்லை என்று பொருள். பழைய பெர்கின்ஸ் எஞ்சின்களில் நட்டுகள் அங்குல அளவிலானவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர்; அதில் 13 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டால் அது பொருந்துவது போலத் தோன்றி, இறுகிய நட்டில் மூலைகளை உருட்டிவிடும்.

நிலாவெளி, குச்சவெளி போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் இயந்திரங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரும்புக் குழாய்களை எஞ்சினோடு பிடித்திருக்கும் பற்றிகளின் அடியில் உப்புக்காற்றின் ஈரம் தங்கிக் குழாயை வெளியிலிருந்து அரிக்கிறது. பற்றியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். அவ்வாறு அரித்த குழாயையோ, பற்றி இல்லாமல் அதிர்ந்து கழுத்தில் வெடித்த குழாயையோ பற்றவைத்துப் பாவிக்கக்கூடாது. அதே நீளமும் அதே உட்துளையும் உள்ள குழாயால்தான் மாற்ற வேண்டும். குழாயின் நீளம் மாறினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போய்ச்சேரும் நேரமும் மாறும்.

பம்பின் தலைப்பகுதியை உடலோடு பிடித்திருக்கும் பூட்டுத் திருகுகள் இரண்டு பக்கவாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் காற்றெடுக்கும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்) சிறு திருகும் இருக்கும். அந்தச் சிறு திருகில் ஒழுக்கென்றால் அதன் இருக்கையைத் துடைத்து மறுபடி பூட்டலாம். பெரிய பூட்டுத் திருகுகளை மட்டும் ஒருபோதும் பலங்கொண்டு இறுக்காதீர்கள். தலைப்பகுதி சிறிதளவு நெளிந்தாலே ரோட்டர் உள்ளே பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு ஒழுக்கை நிறுத்தப்போய் முழுப் பம்பையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

ஆக்ஸிலரேட்டர் தண்டின் ஒழுக்கு

பம்பின் மேல்மூடியில் இரண்டு தண்டுகள் வெளியே நிற்கின்றன. ஒன்று ஆக்ஸிலரேட்டர் நெம்பைத் தாங்கும் தண்டு. மற்றது எஞ்சினை நிறுத்தும் நெம்பின் தண்டு. நாள் முழுவதும் அசைவது முதலாவது என்பதால் அதன் ஓ-ரிங்குகளே (றப்பர் வளையங்களே) முதலில் தேய்கின்றன. இதை வயலோரக் கொட்டிலிலேயே திருத்தலாம்; ஆனால் இந்தக் கட்டுரையில் மிக நிதானமாக வாசிக்க வேண்டிய பகுதி இதுவே.

முதலில், உங்கள் பம்பின் மேல்மூடி நீளமாகவும் தட்டையாகவும் இரண்டு நெம்புகளுடனும் இருக்கிறதா என்று பாருங்கள். இது எடைகள் வெளியே விரிந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை. வேகக் கட்டுப்பாடு டீசலின் அழுத்தத்தால் நடக்கும் மற்றொரு வகையும் உண்டு. அதன் மேற்பகுதி சிறியதாகவும் வேறு அமைப்பிலும் இருக்கும். அவ்வகையைத் திறக்காமல் பம்ப் திருத்துபவரிடம் கொடுங்கள்.

தேவையான வளையங்களை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டி.பி.ஏ. பம்புக்கான முழு வளையத் தொகுதி 7135-110 என்னும் எண்ணில் விற்கப்படுகிறது. திருகோணமலை நகரிலோ கந்தளாயிலோ உதிரிப்பாகக் கடையில் இந்த எண்ணையும் பம்பின் தகட்டிலுள்ள எண்ணையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் இராது. சாதாரண நைட்ரைல் றப்பரைவிட வைற்றன் வகை வளையங்கள் கந்தகம் குறைந்த இன்றைய டீசலைக் கூடுதலாகத் தாங்குகின்றன. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குமாறு சொல்வேன். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் வளையம் அளவில் பொருந்தினாலும் டீசலில் ஊதிப் பெருத்துவிடும்.

திறப்பதற்கு முன் கைப்பேசியால் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஆக்ஸிலரேட்டர் கம்பியையும் நிறுத்தும் கம்பியையும் கழற்றி, ஒவ்வொரு நெம்பும் தன் தண்டில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒரு கீறலால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நெம்புகளின் நட்டுகளைக் கழற்றி நெம்புகளை மேலே எடுத்துவிடுங்கள். மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்று கம்பியும் ஈயமும் கொண்டு முத்திரையிடப்பட்டிருக்கலாம். அதை வெட்டலாம், ஆனால் நெம்பின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் முத்திரையிட்ட திருகைத் தொடக்கூடாது.

தண்டுகள் மூடியின் அடிப்பக்கத்திலிருந்து மேலே நுழைக்கப்பட்டவை. ஆகவே ஒரு கையால் மூடியை மெல்ல உயர்த்திக்கொண்டு, மறுகையின் பெருவிரலால் தண்டுகளைக் கீழே அழுத்தினால், தண்டுகள் உள்ளேயே தங்க மூடி மட்டும் வெளியே வரும். அவசரப்பட்டு மூடியைப் பிடுங்கினால் ஆக்ஸிலரேட்டர் தண்டோடு தொடுத்த வேகச் சுருள்வில் கழன்று வந்துவிடும். அந்தச் சுருள்வில் மாட்டப்படும் தகட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் உள்ளன. எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். துளை மாறினால் வேகக் கட்டுப்பாடே மாறிவிடும். எனவே மூடி எழுந்தவுடன், கையை உள்ளே விடுவதற்கு முன்னர் மறுபடி ஒரு படம் எடுங்கள்.

இப்போது உள்ளே தெளிந்த டீசலும், ஒரு நீண்ட கையும், மெல்லிய கம்பி இணைப்பு ஒன்றும், சுருள்வில்லும் தெரியும். அந்த மெல்லிய இணைப்பே அளவு வால்வைத் திருப்புகிறது; அதன் மேல் ஸ்பானரோ விரலோ பட்டு வளையக்கூடாது. தண்டின் பள்ளங்களிலுள்ள பழைய வளையங்களை மரக்குச்சியொன்றின் கூர்முனையால் கிளப்பி எடுங்கள். இரும்பு ஊசி பள்ளத்தில் கீறல் போடும். எடுத்த வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு ஒரு பக்கம் தட்டையாகி, சில வேளை இறுகிய பிளாஸ்ரிக் போல ஒடிந்தும் போகும். ஒழுக்கின் காரணம் அதுதான். தண்டைத் துடைத்து, அதில் நகத்துக்கு அகப்படும் தேய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். தேய்ந்த தண்டில் போட்ட புதிய வளையம் நெடுநாள் நிற்காது. தண்டையும் மாற்ற வேண்டும்.

புதிய வளையங்களைத் தூய டீசலில் நனைத்துப் பள்ளத்தில் முறுகாமல் உருட்டி விடுங்கள். மூடியின் அடியில் ஒழுக்கை அடைக்கும் மெல்லிய தாளான பழைய கஸ்கற்றைச் சுரண்டும்போது துகள்கள் உள்ளே விழாதபடி திறப்பை ஒரு தூய துணியால் மூடியிருங்கள். கஸ்கற்றின் மேல் சிலிக்கோன் பசை பூசும் பழக்கம் கராஜ்களில் உண்டு. பிதுங்கும் பசையின் ஒரு துண்டு உடைந்து அளவு வால்வின் துளைக்குப் போனால் எஞ்சின் இழுவையிழந்து நிற்கும். பசை வேண்டாம், புதிய கஸ்கற்று மட்டும் போதும். மூடியைத் தண்டுகளின் மேல் இறக்கும்போது, நிறுத்தும் தண்டின் அடியிலுள்ள சிறு முனை உள்ளேயுள்ள நிறுத்துப் பட்டையின் வெட்டில் உட்கார வேண்டும்.

அது உட்காரவில்லையாயின் என்ன நடக்கும் என்பதை நான் தம்பலகாமத்தில் ஒரு பெரியவரின் வளவில் கற்றேன். தனியாகச் செய்த முதலாவது வேலை அது. மூடியைப் பூட்டி, நெம்பைப் பூட்டி, காற்றெடுத்து ஸ்ராட் செய்தேன். எஞ்சின் பிடித்தது; பிடித்த கையோடு வேகம் ஏறிக்கொண்டே போனது. நிறுத்தும் கம்பியை இழுத்தால் அது வெறுமையாக வந்து போனது. "தம்பி, நிப்பாட்டு! உடன நிப்பாட்டு!" என்று அவர் கத்தினார். நான் செய்வதறியாது நிற்க, அவரே சாக்கு ஒன்றைப் பலகையில் சுற்றி, கழற்றிக் கிடந்த காற்றுக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினார். எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. திறந்து பார்த்தபோது முனை பட்டைக்கு வெளியே நின்றது, சுருள்வில்லும் அடுத்த துளைக்கு மாறியிருந்தது. அன்று தொடக்கம், மேல்மூடி திறந்த எந்தப் பம்பையும் முதன்முறை ஓட்டும்போது, எஞ்சினுக்குள் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி, அதன் வாயை முழுதாக மூடக்கூடிய ஒரு தடித்த பலகையுடன் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திய பின்னரே ஸ்ராட் செய்கிறேன். வெறும் கையால் அந்த வாயை மூட முயலக்கூடாது. காற்று இழுக்கும் வேகம் கையைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்ராட் செய்வதற்கு முன்னரும் ஒரு சோதனை உண்டு. ஆக்ஸிலரேட்டர் நெம்பைக் கையால் தள்ளினால் சுருள்வில்லின் எதிர்ப்புத் தெரிய வேண்டும். விட்டால் திரும்பி வர வேண்டும். நிறுத்தும் நெம்பைத் திருப்பினால் உள்ளே எதையோ நகர்த்தும் உணர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று வெறுமையாகச் சுழன்றாலும் மூடியை மறுபடி திறவுங்கள்.

எண்ணெயில் டீசல் கலந்தால்

வெளியே ஒரு சொட்டும் விழாமல் ஒழுகும் இடம் ஒன்று உண்டு. பம்பின் முன்முனையிலுள்ள சுழல்தண்டின் சீல் தேய்ந்தால், டீசல், எஞ்சினின் முன்புறப் பல்சக்கரங்கள் இருக்கும் டைமிங் பெட்டிக்குள் போய் எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் ஊற்றாமலே டிப்ஸ்டிக்கின் அளவு நாளுக்கு நாள் ஏறுவது இதன் அடையாளம். அந்த எண்ணெயில் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு ஒரு மணித்தியாலம் வைத்தால், கறுத்த நடுப்பொட்டைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டம் போல் டீசல் பரவியிருக்கும். இந்த எண்ணெயோடு இயந்திரத்தை ஓட்டாதீர்கள். மெலிந்த எண்ணெய் கிராங்கின் புஷ்களைத் தின்றுவிடும்.

ஆனால் பம்பைக் குற்றஞ்சாட்ட முன்னர் லிஃப்ட் பம்பைச் சோதியுங்கள். அதன் றப்பர்த் திரை கிழிந்தாலும் டீசல் இதே போல எண்ணெய்க்குள்தான் போகும். அதை எஞ்சினிலிருந்து கழற்றி, உள்வரும் குழாய் பூட்டியபடி, வெளிச்செல்லும் வாயை விரலால் அடைத்து, கைநெம்பை இயக்கிப் பாருங்கள். நெம்பின் பக்கமாக டீசல் வடிந்தால் குற்றவாளி அதுவே, செலவும் சிறியதே.

சீல்தான் என்று உறுதியானால் பம்பை இறக்க வேண்டும். அதைச் செய்ய விரும்பினால், பம்பின் விளிம்பிலும் டைமிங் பெட்டியிலும் ஒரே கோட்டில் நிற்கும் கீறல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையாயின் நட்டைத் தளர்த்துவதற்கு முன்னரே கூரிய உளியால் ஒரு கோட்டை இட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு சிறிதளவு விலகிப் பூட்டப்பட்டாலும் எஞ்சின் தட்டும் அல்லது புகைக்கும். டைமிங் பெட்டியின் முன்னாலுள்ள சிறிய மூடியைத் திறந்து பல்சக்கரத்தைப் பம்போடு பிடித்த போல்ட்டுகளைக் கழற்றும்போது, அவை பெட்டிக்குள் விழாதபடி கீழே துணி அடைத்திருங்கள். பம்ப் வெளியே இருக்கும் வரை எஞ்சினைச் சுற்றக்கூடாது.

இறக்கிய பம்பை வீட்டில் பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுழல்தண்டின் சீலை மாற்றவும், தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள பெரிய ஓ-ரிங்கை மாற்றவும் உள்ளே பலவற்றைக் கழற்ற வேண்டும். பூட்டிய பின்னர் சோதனை மேசையில் ஓட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் அளவை அளந்தால்தான் வேலை சரியா என்று தெரியும். அந்த மேசை இல்லாதவர், எவ்வளவு கைதேர்ந்தவராயினும், ஊகத்தில்தான் பூட்டுகிறார். பம்பைக் கொடுக்கும்போது எல்லாத் துளைகளையும் துணியால் அன்றி பிளாஸ்ரிக் மூடியாலோ ஒட்டுப் பட்டியாலோ அடைத்துக் கொண்டுபோங்கள். துணியின் நூலும் ரோட்டருக்குப் பகைதான்.

காற்றெடுத்தல்

குழாய் ஒன்றைத் திறந்தாலே பம்புக்குள் காற்றுப் போய்விடும். அதை எடுக்காமல் ஸ்ராட்டரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் பற்றரி இறங்கும், எஞ்சின் பிடிக்காது. புதிய ஃபில்ட்டரைப் பூட்டுவதற்கும் இதுவே உரிய நேரம். 2022 இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது கானிலும் பரலிலும் சேர்த்து வைத்த பழக்கம் இன்னும் பலரிடம் போகவில்லை. சீனக்குடாவின் பெரிய தாங்கிகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தாலும், எமது பம்புக்குள் போகும் நீரும் துருவும் பெரும்பாலும் எமது சொந்தக் கானிலிருந்தே வருகின்றன.

தாங்கியின் குழாயைத் திறந்து, லிஃப்ட் பம்பின் கைநெம்பை இயக்குங்கள். நெம்பு இழுவையின்றித் தளர்வாக ஆடினால், எஞ்சினின் கேம் அதை மேலே பிடித்து நிற்கிறது என்று பொருள். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஃபில்ட்டரின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்திக் குமிழியில்லாத டீசல் வரும் வரை நெம்பை அடித்து மூடுங்கள். அடுத்து, பம்பின் பூட்டுத் திருகிலுள்ள சிறு திருகையும் மேல்மூடிப் பகுதியிலுள்ள திருகையும் தளர்த்தி, குமிழி நின்றதும் கீழுள்ளதை முதலிலும் மேலுள்ளதைப் பின்னரும் மூடுங்கள். பம்பின் உள்வரும் குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தி அவ்வாறே செய்யுங்கள். மேல்மூடியைத் திறந்த பம்புக்கு இந்தக் கட்டத்தில் நெடுநேரம் நெம்பு அடிக்க வேண்டியிருக்கும். உடல் முழுவதும் நிறைய வேண்டுமல்லவா?

கடைசியாக, இரண்டு இன்ஜெக்டர்களின் முனையில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, நிறுத்தும் நெம்பை ஓடும் நிலையில் வைத்து ஸ்ராட்டரைச் சுற்றுங்கள். நட்டின் அடியிலிருந்து முதலில் நுரையும் பின்னர் விட்டுவிட்டுத் துப்பும் டீசலும் வரும்போது நிறுத்தி நட்டுகளை இறுக்குங்கள். அந்நேரம் முகத்தையும் கையையும் விலக்கி வையுங்கள். உடனே ஆக்ஸிலரேட்டரை மெதுவான ஓட்டத்துக்கு இறக்கி, பலகை பிடிப்பவர் தன் இடத்தில் நிற்கிறாரா என்று பார்த்து, அதன் பின்னரே ஸ்ராட் செய்யுங்கள்.

எஞ்சின் சீராக ஓடியதும் நிறுத்தும் கம்பியை இழுத்து, அது உடனே நிற்கிறதா என்று சோதியுங்கள். சரியாக நின்றால் காற்றுக் குழாயை மறுபடி பூட்டி, பம்பைத் துடைத்து, பவுடரைத் தூவி, பதினைந்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் கடதாசி மட்டையையும் டிப்ஸ்டிக்கையும் பார்த்து, அளவைச் சுண்ணாம்புக்கட்டியால் கொட்டில் தூணில் எழுதி வையுங்கள். பத்து மணித்தியால வேலைக்குப் பின்னர் செப்பு வாஷர் போட்ட இணைப்புகளை எஞ்சின் ஆறிய நிலையில் ஒருமுறை தொட்டு இறுக்க வேண்டும். புதிய செம்பு வெப்பத்தில் சற்றே படியும், அதற்கு ஸ்பானரின் ஒரு சிறு அசைவே போதும்.